சிவப்புக் கோடும் மாலை போடாத ஆளும்

தம்பி,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. அதைப் போனிலேயே கேட்டுவிட்டேன், நீயும் சுகம் என்றுவிட்டாய், ஆகவே அந்த வரி மிச்சம். நான் பக்கம் பக்கமாக எழுதிப் பல காலம் ஆகிறது. கடைசியாக எழுதியது சாதாரண தரப் பரீட்சையின் கணித விடைத்தாள் என்று நினைக்கிறேன். அதைத் திருத்தியவர் என்ன பாடு பட்டாரோ தெரியாது, முடிவு மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறினேன். பிறகு அதே லொறிக்கு டிரைவரானேன். இப்போது ஓய்வு என்ற பெயரில், உன் அம்மா கூட்டுகிற இடத்திலெல்லாம் குறுக்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்புவது ஏன் என்று நீ கேட்பாய். தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்துக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றுதான் வருகிறது, ஆனால் அதைக் கடைசி வீட்டுக் காம்பரா வரைக்கும் எல்லாரும் வாசிக்கிறார்கள். உனக்குச் சொல்ல வேண்டியதையே அவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் சிரிக்கிறார்கள். அச்சில் வந்தால் கொஞ்சம் மரியாதை இருக்கும் என்று ஒரு நப்பாசை. குறிப்பாக உன் மணியம் மாமா, உன் அம்மாவின் தம்பி, இதை வாசிக்க வேண்டும். ஏன் அவர் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நீ அடுத்த மாதம் மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாய். சந்தோசமாகப் போக வேண்டிய நேரத்தில் மனதில் ஒரு பாரத்தோடு திரிகிறாய் என்று அம்மா சொன்னாள். "நான் அந்த அட்டை வெளையாட்டக் காட்டாம இருந்திருந்தா அப்பா லயத்தையே கெளப்பிக்கிட்டுப் போயிருக்க மாட்டாரு. இப்ப எல்லாரும் அவரப் பாத்துச் சிரிக்கவும் மாட்டாங்க" என்று அவளிடம் சொன்னாயாம். அந்தப் பாரத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் தம்பி. இங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போ. அதற்காகத்தான் பேனையைப் பிடித்திருக்கிறேன்.

தீபாவளிக்கு நீ ஹட்டனிலிருந்து வந்திருந்தாய். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல் என்ற தர்க்கப் பாடம் படிப்பிக்கிற வாத்தியார் வீட்டில் சும்மா இருப்பாரா? மத்தியானம் சாப்பிட்டு முடித்து, வெளியே தூறிக்கொண்டிருந்த நேரத்தில், பட்டாசுப் பெட்டியின் அட்டையைக் கிழித்து நான்கு துண்டாக்கினாய். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். எங்கள் கண்ணுக்குத் தெரிந்தவை க, ம, 4, 7. ஒரு பக்கத்தில் 'க' இருந்தால் மறுபக்கத்தில் இரட்டை எண் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எந்தெந்த அட்டையைத் திருப்ப வேண்டும் என்று கேட்டாய். நான் மீசையைத் தடவிக்கொண்டு 'க'வையும் நாலையும் என்றேன். மாமா, எதற்கு வம்பு, எல்லாவற்றையும் திருப்பிவிட்டால் சந்தேகமே இல்லையே என்றார். உன் அம்மா விளையாட்டுக்கே வரவில்லை. "எழுதினது நீ. பின்னாடி என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியும்தானே. தெரிஞ்சத எங்ககிட்ட ஏன் கேக்குற?" என்று கேட்டுவிட்டு முறுக்குத் தட்டை நகர்த்திவைத்தாள்.

'க'வையும் ஏழையும் திருப்ப வேண்டும் என்று நீ சொன்னாய். நாலுக்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் சட்டம் உடையாது, ஏழுக்குப் பின்னால் 'க' இருந்தால்தான் உடையும் என்று விளக்கினாய். பின்னோக்கி வந்து என் லொறியில் முட்டியவனைப் பார்ப்பதுபோல் உன்னைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. அதைக் கண்டுகொண்டு நீ அட்டைகளைத் தள்ளிவிட்டாய். கார்த்திகை வரப்போகிறது, மலைக்குப் போகிறவர்கள் மாலை போடுகிற காலம், மாலை போட்டிருந்தால் மீனும் இறைச்சியும் தொடக் கூடாது, சரிதானே என்றாய். பஜாரில் ஒரு கடையில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள். ஒருவன் கழுத்தில் மாலை தெரிகிறது, தட்டு தெரியவில்லை. ஒருவன் கழுத்தில் மாலை இல்லை, அவன் தட்டும் தெரியவில்லை. இன்னொருவன் தட்டில் பருப்பு, கழுத்தை ஜேர்சி மூடியிருக்கிறது. கடைசி ஆள் தட்டில் மீன், அவன் கழுத்தையும் ஜேர்சி மூடியிருக்கிறது. யார் யாரைச் சோதிக்க வேண்டும்?

நீ கேட்டு முடிக்கும் முன்பே உன் அம்மா சொல்லிவிட்டாள்: மாலைக்காரன் தட்டையும் மீன் தின்கிறவன் கழுத்தையும். நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன். மாமா மட்டும் முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போன தடவை மாலையை ஜேர்சிக்குள் விட்டுக்கொண்டு பஜாரில் முஸ்லிம் நானாவின் கடையில் மீன் வைத்த பணிஸ் கடித்தவர் அவர். நானாவே பார்த்துவிட்டு, "தம்பி, கழுத்துல கயிறு தெரியுது" என்று தட்டை மெதுவாக இழுத்துக்கொண்டாராம். அந்தக் கதையை உன் அம்மா எடுத்துவிட, வீடு சிரிப்பில் அதிர்ந்தது. நீ சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாய். பருப்புத் தின்கிறவனை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாய். பருப்பை யாரும் தின்னலாமே என்றாள் அம்மா. மாலை போடாதவனை ஏன் விட்டீர்கள் என்றாய். அவன் எதைத் தின்றால் நமக்கென்ன என்றாள்.

"இதேதாம்மா அந்த அட்டையும். சட்டத்த மீறுறவனப் புடின்னா எல்லாருக்கும் மூள வேல செய்யுது. வெறும் எழுத்தும் எண்ணும் குடுத்தா படிச்சவங்களே தடுமாறுறாங்க" என்றாய். பிறகு ஒன்று சொன்னாய். அதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "சட்டம் மால போட்டவனப் பத்தி மட்டுந்தான் பேசுது. போடாதவனப் பத்தி அது வாயே தெறக்கல."

நம் லயத்துக் குழாயடியில் ஒரு கம்பம் நட்டு, மண்சரிவுக்கு எச்சரிக்கையாக மழை அளக்கிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கட்டியிருப்பது உனக்குத் தெரியும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அதில் கோடுகள். பக்கத்திலேயே ஒரு போர்டு: தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அதைக் கொண்டுவந்து வைத்த அதிகாரி சிங்களத்தில் சொல்ல, தோட்டத்து நலன்புரி ஐயா தமிழில் சொன்னார். குழாயைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றதும் எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. லயத்தில் வேலைவெட்டி இல்லாதவன் நான் ஒருவன்தான். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

அந்தப் போர்டைப் பற்றி இப்போது நிறைய யோசிக்கிறேன். தொட்டால் போ என்றுதான் அது சொல்கிறது. தொடாவிட்டால் இரு என்று அதில் எழுதியே இல்லை. ஆனால் அந்த இரண்டாவது பாதியை நாங்கள் எல்லாரும் வாசித்தோம், நானும் வாசித்தேன். அது முட்டாள்தனம் என்று நினைத்துவிடாதே. தோட்டத்தில் பிறந்தவனுக்கு எந்தச் சட்டமும் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது நின்றால் அன்றைக்குப் பேர் விழும் என்பார்கள். பேர் விழுவது என்றால் அந்த நாள் வேலை பதிவாவது. வெளியூர்க்காரர்கள் வாசித்தால் விளங்கட்டும். பிந்தி வந்தால் என்ன என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூடையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தவர்களுக்குத் தெரியும். சொன்ன கிலோ எடுத்தால் முழுப் பேர் என்பார்கள். எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் என்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்? சம்பள நாளில் தெரிந்துகொண்டோம். ஒரு பாதி காதில் விழுந்தால் மறுபாதியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும், போட்டுக்கொள்ளாதவன் கெட்டுப்போவான் என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய பாடம். அந்தப் பழக்கத்தோடுதான் மழைக் குழாயின் முன்னாலும் போய் நின்றோம். தோட்டத்துத் துரை எழுதிய சட்டத்துக்கு மறுபாதி உண்டு. மலை சட்டம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த மழை நாளை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. விடாமல் பெய்துகொண்டிருந்தது. கொழுந்து வேலை நின்றுவிட்டது. காலையிலேயே உன் அம்மா, வாசல் கதவு சாத்தமாட்டேன் என்கிறது என்றாள். மழைக்குப் பலகை ஊதிவிட்டது என்று ஒரு பெரிய மனிதனைப்போல விளக்கம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டேன். மத்தியானம் அவள் மலை ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்ப் பாதிக் குடத்தோடு திரும்பிவந்து, என் முன்னால் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்திருந்தது. எத்தனையோ மழையில் அது கலங்கி நான் பார்த்ததில்லை. நான் குழாயடிக்குப் போனேன். லயத்தில் பாதிப் பேர் அங்கே கம்பளியும் குடையுமாக நின்றார்கள். தண்ணீர் செம்மஞ்சளைத் தாண்டியிருந்தது, சிவப்புக்குக் கீழே நின்றது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் பயமில்லை, உள்ளே போங்கள் என்று சொல்லக் கையைத் தூக்கத் தொடங்கிவிட்டேன், தம்பி. பாதி தூக்கிய கையோடு மாமாவைப் பார்த்தேன். அவர் மறுபடி மாலை போட்டிருந்தார். இந்தத் தடவை ஜேர்சிக்கு மேலே, ஊருக்கே தெரியும்படி.

"கோட்டுக்கு வரல மச்சான். வரலன்னா பயமில்ல. போர்டுலயே போட்டுருக்கு" என்றார்.

"போர்டுல அப்படிப் போடல."

"பின்ன என்ன போட்டுருக்கு?"

"தொட்டா போகணும்னு போட்டுருக்கு. தொடலன்னா என்னன்னு அது வாயே தெறக்கல."

"அத வேற சொல்லணுமா? தொட்டா போ, தொடலன்னா இரு. சின்னப்புள்ளக்கிக்கூடத் தெரியும்."

"மணியம், மால போட்டா மீன் திங்கக் கூடாது. அப்ப மால போடாதவன் எல்லாம் மீன் தின்னே ஆகணுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. மருமகன் காட்டிய வித்தையை எல்லாம் இங்கே காட்டாதீர்கள் என்றார். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. "மல வரும்னு நான் சொல்லல. வராதுன்னு இந்தப் போர்டு சொல்லலன்னுதான் சொல்றேன். அது சொல்லாத எடத்துல நம்ம கண்ணாலதான் பாக்கணும். பீலி கலங்கிருச்சு, தரை அசைஞ்ச மாதிரி எங்க வீட்டுக் கதவு சாத்தமாட்டேங்குது" என்றேன். எங்கள் வீட்டுக் கதவும் அப்படித்தான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மாமா தன் காம்பராவுக்குள் போனார். திரும்பி வரும்போது டிவியைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைப்போல மார்போடு அணைத்திருந்தார். அவர் பள்ளிக்கூடப் பாதையில் ஏறத் தொடங்கியதைப் பார்த்ததும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. என் நியாயத்தைக் கேட்டு ஒருவர்கூட வரவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மணியத்தின் டிவியே போகிறது, அப்படியானால் விசயம் இருக்கிறது என்று வந்தார்கள். அதுவும் ஒரு யோசனைதான். உன் பாடப் புத்தகத்தில் அதற்கு என்ன பெயரோ.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூட வாங்குப் பலகைகளில் படுத்தோம், ஒரே சட்டியில் பருப்பும் சோறும் ஆக்கினோம், மழை குறைந்தது, மலை தன் இடத்திலேயே இருந்தது. சிவப்புக் கோட்டைத் தண்ணீர் கடைசிவரை தொடவே இல்லை. திரும்பிப் போனால் பாதிக் கோழிகளைக் காணவில்லை, அடுப்பெல்லாம் நனைந்துவிட்டது, மாமாவின் டிவிக்கு உயிரில்லை. மழை விட்ட முதல் நாளே பெரட்டுக்குப் போயிருக்கலாம், அந்தப் பேரும் என்னால் போயிற்று. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'சிவப்புக் கோடு'. மேகமே இல்லாத நாளில் மாமா வாசலில் நின்று, "மச்சான், வெயிலு கொஞ்சம் கூடவா இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு ஏறணுமா?" என்று கேட்பார். நானும் சிரிப்பேன். அவர் டிவி போனவர், அவருக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போனோம், மலை வரவில்லை, ஆகவே போனது தப்பு, ஆகவே இனிப் போக வேண்டாம். இதை நான் என் லொறிப் புத்தியால்தான் யோசித்துப் பார்க்கிறேன். தொழிற்சாலைக்கு இறங்குகிற பாதையில் எதிரே வருவது தெரியாத வளைவுகள் எத்தனை இருக்கின்றன என்று உனக்கே தெரியும். ஒவ்வொன்றிலும் ஹோர்ன் அடிப்பேன். பெரும்பாலும் எதிரே ஒரு நாய்கூட வராது. ஒரு நாள் கிளீனர் பையன், ஒருவரும் வராத இடத்தில் எதற்கு இத்தனை சத்தம் என்று கேட்டான். வளைவுக்கு அந்தப் பக்கம் போன பிறகுதானே ஒருவரும் இல்லை என்று தெரிகிறது, அடித்தபோது தெரியாதே என்றேன். எதிரே ஆள் இல்லாமல் போனதால் அடித்த ஹோர்ன் தப்பாகிவிடுமா? நான் குழாயடியில் நின்றது வளைவுக்கு இந்தப் பக்கம். சிரிக்கிறவர்கள் அந்தப் பக்கத்திலிருந்து சிரிக்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான் சரியாகச் சொன்னேன் என்றும் எனக்குத் தெரியாது. கதவு இப்போது நன்றாகவே சாத்துகிறது. பலகை ஊதியிருந்தாலும் ஊதியிருக்கும். பீலியும் தெளிந்துவிட்டது. ஒவ்வொரு தூறலுக்கும் ஹோர்ன் அடித்தால் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பதும் உண்மை. போர்டை எழுதிய அதிகாரியையும் நான் குறை சொல்லவில்லை, அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைச் சொல்லாமல் விட்டார். அந்தச் சொல்லாத இடத்தில் 'பயமில்லை' என்று எழுதிக்கொண்டது நாங்கள்தான்.

உன் பெரியம்மாவை நீ பார்த்ததில்லை. உன் அம்மாவுக்கு மூத்தவள். கலியாணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாள், ஆற்றுக்கு மேலே கடைசிக் காம்பரா. அங்கே ஒரு மழையில் மண் இறங்கியது. அப்போது குழாயும் கோடும் கிடையாது. போன வருசம் இதைவிடப் பெரிய மழை பெய்தது, அதற்கே வரவில்லை, இதற்கு வருமா என்று பேசிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அதுவும் ஒரு யோசனைதான், மனிதர்கள் யோசிக்காமல் இருப்பதில்லை. உன் அம்மா அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள். அன்று குடத்தைக் கவிழ்த்துக் காட்டியதுதான் அவள் பேசியது.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பிறகு, ரொட்டி சுட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள். "அடுத்த தடவ நீங்க கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க."

நாம் இருவரும் போகலாம் என்றேன்.

"எந் தம்பி இங்க இருக்கயில நான் போகமாட்டேன். அவன் வந்தா நானும் வருவேன். ஒரு ஆள விட்டது போதும்."

அவ்வளவுதான் சொன்னாள். ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். இப்போது உனக்கு விளங்கியிருக்கும், இதை மாமா ஏன் வாசிக்க வேண்டும் என்று. அவர் வந்தால் அவள் வருவாள். அவர் இருந்தால் அவள் இருப்பாள். அவள் விசயத்தில் மட்டும் இந்த இரண்டு பாதியும் உண்மை. நாம் போட்டுக்கொண்டது ஒன்றுமில்லை, அவளே வாய்விட்டுச் சொன்னது.

இதுவரை எழுதிவிட்டு முந்தாநாள் பின்னேரம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மாமா வந்தார். என்ன மச்சான், மனுவா என்று கேட்டார். உட்காரச் சொல்லி, முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். மீன் பணிஸ் வந்த இடத்தில் அதை எடுத்துவிடுங்கள் என்றார். முடியாது, அது இல்லாமல் கணக்கு விளங்காது என்றேன். டிவி வந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வந்தது. பெரியம்மா வந்த இடத்தில் உன் அம்மா உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் அவள் சொன்னதை வாசித்தேன். மாமா ஜேர்சிக் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குத் தம்பி அவர், செத்துப்போனவளுக்கும் தம்பி. அதை நான் இத்தனை நாள் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெயில் நாளில் அவர் அடித்த கேலியெல்லாம் வேறு எதற்கோ போட்ட மூடி என்றும் தோன்றியது. சரியோ தப்போ.

பிறகு சொன்னார். "பீலி கலங்குனா சொல்லுங்க. கோட்ட நான் பாக்கமாட்டேன். ஆனா இந்தத் தடவ டிவிய நீங்கதான் தூக்கணும்." டிவியை ஹட்டனில் கொடுத்துத் திருத்திவிட்டாராம். உள்ளே பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஆகவே தம்பி, அந்த அட்டைகளுக்காக நீ வருந்தாதே. என் தலையில் ஏறாத அட்டைதான், ஆனால் அது ஒரு நாள் என் கையைப் பாதி வழியில் நிறுத்தியது. போகிற ஊரிலும் படிப்பி. அட்டையில் தடுமாறுகிறவர்களைப் பார்த்து அவசரப்படாதே. அவர்கள் எந்தப் பெரட்டுக் களத்தில் நின்று வளர்ந்தார்கள் என்று கேட்டுப் பார். கேட்ட பிறகு மாலைக் கதையைச் சொல். அங்கே மாலை போடுகிறவர்கள் இல்லையென்றால், அவர்களிடம் வேறு ஏதாவது இருக்கும். சட்டம் இல்லாத சனம் எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒன்று. அந்த மழையில் நீ போன் அடித்து அடித்துப் பார்த்து, நாங்கள் எடுக்காததால் ஹட்டனிலிருந்து கிளம்பிவிட்டாய். பாதையில் மரம் விழுந்து பஸ் நின்ற இடத்திலிருந்து நடந்தே வந்து, முழங்கால் வரை சேறோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாய். அம்மா உன்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். நான் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த வழி முழுக்க நீ என்ன யோசித்துக்கொண்டு வந்தாய் என்று அதில் எழுதியிருந்தது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லை, கரண்டும் போய்விடும், அவ்வளவுதான் விசயம். அடுத்த மழைக்கு நீ கடல் தாண்டி இருப்பாய். நடந்து வர முடியாது. போன் அடிப்பாய், எடுக்கமாட்டோம். ஆபத்து வந்தால் போன் எடுக்க முடியாது என்பது சரி. அதைத் திருப்பிப் போட்டு, போன் எடுக்கவில்லை, ஆகவே ஆபத்து என்று முடிவு கட்டாதே. உன் வகுப்புப் பிள்ளைகள் அப்படி எழுதினால் நீயே சிவப்புப் பேனையால் வெட்டுவாய்.

போன் எடுக்கவில்லையென்றால், அம்மாவும் அப்பாவும் மாமாவும் மேலே ஏறிவிட்டார்கள் என்று வைத்துக்கொள். இதுவும் உன் கணக்கில் செல்லாது என்று எனக்குத் தெரியும், அவ்வளவு தூரம் நீ என்னைப் படிப்பித்துவிட்டாய். இருந்தாலும் அப்படியே வைத்துக்கொள். அதை மெய்யாக்குவது எங்கள் வேலை.

அப்பா